உட்காரக்கூடாத நாற்காலி

தாத்தாவின் சாய்வு நாற்காலியைப் பற்றி இனிக் கவிதை எழுதுவதில்லை என்று நாம் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தால் நல்லது. ஒரு பத்து வருஷத்துக்காவது. அந்தக் கவிதை எப்படி இருக்கும் என்பது இதைப் படிக்கிற இருநூறு பேருக்கும் தெரியும். பாதிப் பேர் அதை எழுதியும் இருக்கிறீர்கள். முற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு தரையில் விழும். மூலையில் நாற்காலி. பிரம்புப் பின்னலில் ஒரு பள்ளம். பள்ளத்தில் தாத்தா இல்லை. தூசி இருக்கும். முடிவதற்கு இரண்டு வரி முன்னால் ஒரு பல்லியோ அணிலோ வரும். கடைசி வரியில் காற்று வந்து உட்காரும்.

நண்பர்கள் இதைப் படிமம் என்கிறார்கள். எனக்கு ஏலச் சாமான் பட்டியலாகப் படுகிறது. இதைக் கிண்டலுக்காகச் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது.

இந்தக் கவிதைகளில் மூன்றை ஒரே இதழில் படித்த வாரத்தில் காரைக்குடி போகவேண்டியிருந்தது. புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. வந்த வேலை முடிந்து முனீஸ்வரன் கோவில் தெருவுக்குள் நுழைந்தேன். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு அது. எனாமல் தூக்குகள், மரப்பாச்சிகள், பெல்ஜியம் கண்ணாடிகள், கதவிலிருந்து பெயர்த்த கஜலட்சுமிகள், ரவிவர்மா படங்கள். ஒரு கடையின் உள்பக்கம் பதினைந்து இருபது நாற்காலிகள் ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கியிருந்தன. கை வைத்தவை, கை இல்லாதவை, வளைமர நாற்காலிகள், கால் நீட்டிக் கிடக்கிற பர்மாத் தேக்கு ஈஸிசேர்கள். காலை முழுக்க நின்ற அலுப்பில், கடைசியாகச் சொன்ன ரகத்தில் ஒன்றின் கைமேல் கையை ஊன்றினேன். கடைப் பையன் பதறிப்போய் வந்தான்.

"உக்காராதீங்க ஸார். ஆன்ட்டிக்."

அவன்மேல் தப்பில்லை. அவன் நம் கவிகள் மூன்று பேரும் சொன்னதைத்தான் ஒரே சொல்லில் சொன்னான். கடைக்கும் கவிதைக்கும் வேண்டியது காலியான நாற்காலி. யாராவது உட்கார்ந்துவிட்டால் அங்கே விலை போயிற்று, இங்கே சோகம் போயிற்று.

நமது உரைநடைக்காரர்கள் இந்த விஷயத்தில் கவிகளைவிட விழிப்பாக இருந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' கதையில், முக்காலியில் உட்காரப்போன பெரிய மனுஷர் உருண்டு விழுந்த பிறகுதான் அந்த வீட்டுக்கு ஒரு நாற்காலி வருகிறது. வந்த நாற்காலியை ஊரார், செத்தவர்களை உட்கார்த்தி வைக்க இரவல் வாங்க ஆரம்பிக்கிறார்கள். பிறகு வீட்டில் ஒருவருக்கும் அதில் உட்காரத் துணிவில்லை. கௌரவத்துக்காகச் செய்த பொருள் பிணத்தின் ஆசனமாகிவிடுகிற கதையை அவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டார். 1997ஆம் வருஷத்துச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தோப்பில் முகமது மீரானின் 'சாய்வு நாற்காலி'யில், வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்றுகொண்டே பழம்பெருமையில் சாய்ந்து கிடக்கிறார் ஒரு காரணவர். இருவரும் நாற்காலியில் ஆளை உட்கார வைத்து என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். நாம் ஆளை எழுப்பி அனுப்பிவிட்டு நாற்காலியைக் கும்பிடுகிறோம்.

*

இந்த நாற்காலிகள் எங்கிருந்து வந்தன?

தமிழ் வீடு நெடுங்காலம் தரையில் உட்கார்ந்த வீடு. திண்ணை, பாய், மணைப்பலகை, வசதிப்பட்டவர்களுக்கு ஊஞ்சல். இவற்றில் எதுவும் ஒற்றை ஆளுக்கானதல்ல. திண்ணையில் நாலு பேர் உட்காரலாம், பாயில் இரண்டு பேர். மணைப்பலகைகூடச் சாப்பாட்டுக்கு விரித்தால் வரிசையாகத்தான் விரியும். சாதியும் தீட்டும் யார் எங்கே உட்காரலாம் என்பதை வகுத்திருந்தன; அதை மறைத்துத் திண்ணையைப் பாடினால் அதுவும் பொய். ஆனால் ஒருவரைத் தூக்கி உயரத்தில் வைத்து, மற்ற எல்லோரையும் எதிரே நிற்க வைக்கிற சாதனம் சாதாரண வீட்டுக்குள் இருக்கவில்லை. அது அரண்மனையிலும் கச்சேரியிலும் இருந்தது.

இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்பகுதி, திருமயம் பொன்னமராவதிப் பக்கம், செட்டிநாட்டைச் சேர்ந்தது. ராயவரம், அரிமளம், கடியாபட்டி, நச்சாந்துபட்டி, குழிபிறை, மேலைச்சிவபுரி என்று வரிசையாக நகரத்தார் ஊர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை இங்கே பர்மாப் பணத்தில் மாளிகைகள் எழுந்தன. பர்மாத் தேக்கு, ஐரோப்பியக் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல் எல்லாம் எல்லோரும் எழுதியாகிவிட்டது. எழுதாத ஒன்று என் மனசில் இருக்கிறது. ரங்கூன் மொகல் தெருவிலே செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. அங்கே கொடுக்கல் வாங்கல் முழுக்கத் தரையில் நடந்தது. பாய் விரித்து, முன்னால் ஒரு சாய்வான மேசைப் பெட்டியை வைத்துக்கொண்டு, சட்டையில்லாத உடம்போடு ஏஜண்டு உட்கார்ந்திருப்பார். மூன்று வருஷம் ஒரு கணக்கு. அப்படி உட்கார்ந்துதான் கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயத்தின் பெரும்பகுதிக்கு அவர்கள் கடன் கொடுத்தார்கள். 1930இல் அங்கே 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் நூற்றுக்கு 6. நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போனதில் 1938இல் அது நூற்றுக்கு 25 ஆயிற்று.

ஆக, சம்பாதித்தது தரையில் உட்கார்ந்து. சம்பாதித்தவர்கள் ஊருக்கு வந்து முகப்பில் நாற்காலி போட்டார்கள். இதில் எனக்குக் குரோதம் ஏதுமில்லை, புரிந்துகொள்ளத்தான் பார்க்கிறேன். நாற்காலி உடம்புக்குத் தேவைப்பட்டு வரவில்லை. வெள்ளைக்காரத் துரை வந்தால் உட்கார வைக்க வேண்டும், அவர் எதிரே தாமும் உட்கார வேண்டும், அதை ஊர் பார்க்க வேண்டும். அதற்காக வந்தது. துரை போன பிறகு நாற்காலி இருந்தது. எதிரே நிற்க ஆட்கள் மாறினார்கள்.

வளைமர நாற்காலியின் கதை இன்னும் வேடிக்கை. வியன்னாவில் மிகாயேல் தோனெட் என்பவர் 1859இல் அதைச் செய்தார். பீச் மரக் கட்டையை ஆவியில் வேகவைத்து வளைத்து, 6 மரத்துண்டுகள், 10 திருகாணிகள், 2 மரைகள், அவ்வளவுதான் நாற்காலி. 36 நாற்காலிகளைக் கழற்றி ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் அடக்கிக் கப்பலேற்றலாம். ஐரோப்பாவின் காப்பிக் கடைகளுக்கு அது போயிற்று. ஒரு காப்பிக்குக் காசு வைத்திருக்கிற எவனும் உட்காரத்தக்க மலிவு நாற்காலி. அதே நாற்காலி நம் ஊர் முகப்பில் இறங்கியதும் சிம்மாசனமாகிவிட்டது. இன்று அதே நாற்காலி கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் தொடக்கூடாத பொருளாக நிற்கிறது. ஒரு பொருளின் குணம் அதன் கட்டைகளில் இருப்பதாகச் சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

*

என் அப்பா திருமயம் பக்கத்து ஊர் ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். 22 வருஷம். தினம் காலை பத்து மணிக்கு முதலாளி முகப்பில் வந்து உட்காருவார். பர்மாத் தேக்கில் செய்த நாற்காலி. பிரம்பு ஆசனம், பிரம்பு முதுகு. நீண்ட கைகள் இரண்டின் அடியிலும் ஒளிந்திருக்கிற பலகைகளை வெளியே திருப்பினால் கால் நீட்டிக்கொள்ளலாம். வெள்ளைக்காரத் தோட்டத் துரைகளுக்காக உண்டான ரகம். கால் நீட்டிக் கிடக்கிறவனால் தானாக எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் எடுக்க முடியாது. யாரோ ஒருவர் பக்கத்தில் நின்றே ஆகவேண்டும். அந்தத் தச்சனின் கணக்கில் இரண்டு ஆட்கள் இருந்திருக்கிறார்கள்: கிடக்கிறவர், நிற்கிறவர். நம் வீட்டில் நிற்கிறவர் என் அப்பா. பேரேட்டைப் பிரித்து இடது முழங்கையில் தாங்கிக்கொண்டு வாசிப்பார். சில நாள் ஒரு மணி நேரம், வருஷக் கடைசியில் மூன்று மணி நேரம்.

முதலாளி கெட்டவர் இல்லை. அப்பாவைக் கடைசி வரை வாங்க போங்க என்றுதான் பேசினார். என் படிப்புக்குப் பணம் கொடுத்தார். அவரைக் கொடுங்கோலனாக எழுதினால் என் கட்டுரைக்கு வசதி, ஆனால் உண்மையில்லை. அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் எதிரே ஒருவர் நின்றிருப்பார் என்பதுதான் விஷயம்.

1942இல் பர்மாவில் ஜப்பான்காரன் புகுந்தான். 1948இல் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் வந்தது. 1963, 64இல் மிச்சமிருந்த கடைகளும் பாங்குகளும் போயின. அந்த வீட்டில் பாகப்பிரிவினை நடந்து, கணக்கு வேலை முடிந்தது 1967இல். எனக்குப் பத்து வயசு. கடைசிப் பேரேட்டை ஒப்படைக்க அப்பா போனபோது நானும் கூடப் போனேன்.

வாசித்து முடித்ததும் முதலாளி சொன்னார்: "உக்காருங்க, கணக்கப்பிள்ளை."

"இருக்கட்டுங்கய்யா."

"இனி என்ன. உக்காருங்க."

"நின்னே பழகிப்போச்சுங்கய்யா."

மூன்றாவது தடவை அவர் சொல்லவில்லை. நாற்காலியின் கைகளை ஊன்றி மெல்ல எழுந்தார். நடந்து வந்து திண்ணை விளிம்பில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் அப்பா, ஒரு படி கீழே, உட்கார்ந்தார். இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசியதாக ஞாபகமில்லை. முகப்பில் நாற்காலி காலியாக இருந்தது. அதில் ஒரு தரம் உட்கார்ந்து பார்க்கலாமா என்று நினைத்தேன். உட்காரவில்லை.

நம் கவிதைகளில் வருகிற காலி நாற்காலி எனக்கு ஏன் ருசிக்கவில்லை என்று இப்போது விளங்கியிருக்கும். நான் பார்த்த காலி நாற்காலியை விட்டு ஒருவர் உயிரோடு இருக்கும்போதே இறங்கி வந்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் போன பிறகு அந்த நாற்காலியில் அவர் படத்தை வைத்து மாலை போட்டார்கள். ஏழெட்டு வருஷம் படம் உட்கார்ந்திருந்தது. ஆச்சி தினமும் நாற்காலியைத் துடைத்து, மாசம் ஒருமுறை எண்ணெய் தடவுவார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவர் இருந்த காலத்திலும் அதைத் துடைத்தது ஆச்சிதான். நாற்பது வருஷம் துடைத்த நாற்காலியில் ஆச்சி ஒருநாள்கூட உட்காரவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாம் கட்டில் தூணில் சாய்ந்து தரையில் இருப்பார். செத்தவரின் படத்துக்குக் கிடைத்த ஆசனம் உயிரோடிருந்த மனுஷிக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் காலத்து ஸ்டூடியோப் படங்களை எடுத்துப் பாருங்கள். புருஷன் கை வைத்த நாற்காலியில்; பெண்டாட்டி பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு கை நாற்காலியின் முதுகில். அவள் தொட்டுக்கொண்டிருப்பது புருஷனைக்கூட அல்ல, நாற்காலியை. நமது கவிகள் எழுதுகிற நாற்காலியில் தூசி இருக்கிறது என்கிறார்களே, அதற்கு முன்னால் அந்தத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தவள் யார்? உங்கள் கவிதையில் பாட்டி எங்கே? அடுப்படியில் இருப்பாள். கவிதை அவ்வளவு தூரம் உள்ளே போவதில்லை; முகப்போடு நின்றுவிடுகிறது.

*

என் பேச்சை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் மூன்று ஆட்சேபங்கள் சொன்னார். மூன்றும் நியாயமான ஆட்சேபங்கள்.

முதலாவது: வியாபாரிகள் வாங்காவிட்டால் இந்த நாற்காலிகள் விறகாகியிருக்கும். சரிதான். வாரிசுகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். இருபது முப்பது பங்காளிகளுக்குச் சொந்தமான வீட்டை ஒருவராலும் பராமரிக்க முடியவில்லை. வீடே இடிபட்டுத் தூண் தூணாக விற்கிறது. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏறிய ஊரிலும் வீடு விழுகிறது. இந்த நிலையில் நாற்காலியை உடைக்காமல் லாரியில் ஏற்றுகிறவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கடியாபட்டியில் ஒரு மாளிகை ஓட்டலாகியிருக்கிறது. அங்கே காசு கொடுத்தவர் பழைய நாற்காலியில் உட்காரலாம். என் அப்பாவுக்குக் கிடைக்காத உரிமை வாடகைக்குக் கிடைக்கிறது. அதுவும் ஒரு படி முன்னேற்றம்தான், சிரிக்காமல் சொல்கிறேன். என் சண்டை பொருளைக் காப்பாற்றுகிறவர்களோடு அல்ல. காப்பாற்றிய பிறகு அதற்கு எதிரே மறுபடியும் கைகட்டி நிற்கிறவர்களோடு.

இரண்டாவது ஆட்சேபம்: பழசுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் நூறு வருஷம் ஆனதைத் தொல்பொருள் என்கிறது. இந்த நாற்காலிகளில் பல இப்போதுதான் அந்த வயசைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. தாண்டாதவைக்குக் கடையில் வயசு ஏற்றுகிறார்கள். உடைந்த தூணையும் உத்தரத்தையும் அறுத்து நேற்றுச் செய்த நாற்காலி இன்று பாட்டன் காலத்து நாற்காலி. மரம் பழசு, நாற்காலி புதுசு, ஞாபகம் இரவல். வாங்குகிறவருக்கு யார் தாத்தா என்பது முக்கியமில்லை. ஒரு தாத்தா வேண்டும். நூறு சதுர அடி வரவேற்பறையில் பித்தளை உருளி, அதில் மிதக்கிற பூ, நாலு ஆத்தங்குடிக் கல், பக்கத்தில் இந்த நாற்காலி. கதவைத் திறந்ததும் தெரிகிற மாதிரி. இங்கே நாற்காலி மறுபடி முகப்புக்கு வந்துவிட்டது. அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாள் தேநீரைத் தரையில் உட்கார்ந்துதான் குடிக்கிறாள், தனி டம்ளரில். நாற்காலிக்கு இடம் மாறியது, எதிரே நிற்கிற ஆள் மாறினாள், ஏற்பாடு மாறவில்லை. இதற்கு மரியாதை என்று பெயர் வைக்க நான் தயாரில்லை.

மூன்றாவது ஆட்சேபம்தான் கெட்டிக்காரத்தனமானது: வேலைப்பாட்டைப் பாருங்கள், இதில் உட்கார்ந்து நாசமாக்கச் சொல்கிறீர்களா?

வேலைப்பாட்டையே பார்ப்போம். பிரம்பு நாற்காலியின் ஆசனச் சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளை போட்டிருப்பான் தச்சன். சீவிய பிரம்பைத் தண்ணீரில் ஊறவைத்து, நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, மூலைவாட்டில் இரண்டு என்று துளை வழியே இழுத்துப் பின்னினால் எண்கோணக் கண் விழும். உலர உலர இறுகும். உட்கார உட்கார மெல்லத் தொய்யும். அடியில் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் மறுபடி கொஞ்சம் இறுகும். சில வருஷங்களில் அறும். அப்போது பழசை அறுத்தெறிந்துவிட்டு அதே துளைகளில் புதுசைப் பின்ன வேண்டும். மரம் நூறு வருஷத்துக்கு, பிரம்பு பத்துப் பதினைந்து வருஷத்துக்கு என்று தச்சன் தெரிந்தே பிரித்து வைத்திருக்கிறான். துளைகள் அதற்குத்தான். மனுஷன் உட்காருவான், உட்கார்ந்தால் அறும், அறுந்தால் மாற்றலாம் என்பது அந்த நாற்காலியின் வடிவத்திலேயே இருக்கிறது. உட்காராமல் குளிர்சாதன அறையில் வைத்த பிரம்பு காய்ந்து வெடிக்கிறது. நம் ரசிகர்கள் காப்பாற்றுவதாகச் சொல்கிற வேலைப்பாடு அவர்கள் காப்பாற்றுகிற விதத்தாலேயே சாகிறது.

இந்தப் பின்னலைப் பற்றி இன்னொரு விஷயம். நம் நாட்டில் சர்க்கார் ஆபீஸ் நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னுவது பார்வையற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட தொழில். கண் தெரிகிறவர்கள் அதிகாரம் செலுத்த உட்கார்ந்த ஆசனங்களை, விரலால் துளைகளை எண்ணி எண்ணிப் பார்வையில்லாதவர்கள் பின்னிக் கொடுத்தார்கள். நைலான் ஒயர் வந்தது, பஞ்சு மெத்தை வந்தது, அச்சில் வார்த்த பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அந்தத் தொழில் போயிற்று. நாற்காலியைப் பற்றிக் கவிதை எழுதியே தீரவேண்டும் என்றால் இந்த விரல்கள் இருக்கின்றன. ஒருவர்கூட எழுதியதாகத் தெரியவில்லை. இதில் தாத்தா இல்லையே.

*

பழங்கதையை எதற்குக் கிளறுகிறாய், இப்போதெல்லாம் ஐந்நூறு ரூபாய்க்குப் பிளாஸ்டிக் நாற்காலி எல்லா வீட்டிலும் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. ஆனால் உட்காருவது என்கிற காரியம் இன்னும் முடிவாகவில்லை. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த தலைவி கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்த படம் வெளியாயிற்று. மற்றவர்கள் உட்கார்ந்திருந்தது பிளாஸ்டிக் நாற்காலியில். தேக்கோ பிளாஸ்டிக்கோ, வேலை ஒன்றுதான். 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டசபையில், கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று கடைகள் நிறுவனங்கள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவரப்பட்டது. கேரளத்தில் 2018லேயே இதைச் செய்துவிட்டார்கள். ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்கிற பெண் உட்காருவதற்குச் சட்டம் போடவேண்டியிருக்கிறது, இந்த நூற்றாண்டில். இது நடக்கிற நாட்டில் நாம் காற்றை உட்கார வைத்துக்கொண்டிருக்கிறோம்.

புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3ஆம் தேதி இந்தியாவோடு இணைந்தது. தொண்டைமான்களின் புது அரண்மனை இன்று கலெக்டர் ஆபீஸ். மனு எழுதிய காகிதத்தோடு ஜனங்கள் அந்த வளைவுகளுக்குக் கீழே நுழைகிறார்கள். அரண்மனைக்குள் குடிஜனம் உரிமையோடு போவது சின்ன விஷயமில்லை. ஆனால் எந்த ஆபீஸிலானாலும் நம் ஊர்க்காரர் நாற்காலியில் எப்படி உட்காருகிறார் என்று கவனியுங்கள். உட்காரச் சொன்னாலும் நுனியில்தான் உட்காருவார். முதுகு சாயாது. யாராவது வந்தால் எழுந்திருக்கத் தயாராக. என் அப்பாவின் உடம்பு அது. நானும் அப்படித்தான் உட்காருகிறேன் என்று என் பெண் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. நாற்காலி மறைந்தாலும் நிற்கிற பழக்கம் உடம்பில் தங்கிவிடுகிறது. எழுத்துக்கு உரிய விஷயம் அங்கே இருக்கிறது.

நமது இலக்கியக் குடும்பத்திலும் இதே கதைதான். 1959இல் 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பித்த சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றவர். சாய்ந்து உட்கார அவருக்கு நேரமிருக்கவில்லை. இன்று 'எழுத்து' பழைய இதழ் ஒன்று கிடைத்தால் கண்ணாடித் தாளில் சுற்றி அலமாரியில் வைக்கிறோம். படமெடுத்து நண்பர்களுக்குக் காட்டுகிறோம். உள்ளே இருக்கிற கட்டுரையோடு சண்டை போட்டவர் எத்தனை பேர்? பழைய நாற்காலியில் உட்காருவது மாதிரிதான் பழைய விமர்சனத்தைப் படிப்பதும். பாரத்தை அதன்மேல் போட்டுப் பார்க்க வேண்டும். தாங்கினால் தாங்கும், அறுந்தால் அந்த இடத்தில் புதுசாகப் பின்ன வேண்டும். துளைகள் இருக்கின்றன.

இதற்கு மாற்று உதாரணத்துக்குத் தூரம் போகவேண்டாம். புதுக்கோட்டையிலேயே ஞானாலயா இருக்கிறது. ஓர் ஆசிரியத் தம்பதி தங்கள் சம்பாத்தியத்தில் சேர்த்து வளர்த்த நூலகம். ஒரு லட்சத்துக்கு மேல் புத்தகங்கள், முதல் பதிப்புகள், செத்துப்போன பத்திரிகைகள். அங்கே போகிறவர் அவற்றைக் கும்பிடப் போவதில்லை, மேஜையில் விரித்துக் குறிப்பெடுக்கப் போகிறார். பழசுக்கு வீட்டில் என்ன இடம் என்று கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் அதுதான்: எட்டுகிற இடம்.

ஆகவே நண்பர்களே, நாற்காலி உங்கள் வீட்டில் இருந்தால் மூலையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் போடுங்கள். கீரைக்காரம்மா வந்தால் அதில் உட்காரச் சொல்லுங்கள். நுனியில்தான் உட்காருவார், பரவாயில்லை, மறுநாளும் சொல்லுங்கள். கவிதை எழுதியே தீருவேன் என்றால் எழுதுங்கள். அதில் யாரையாவது உட்கார வையுங்கள். பாட்டியில் ஆரம்பித்தாலும் சரி. பிரம்பு அறுந்தால் அறுந்துவிட்டுப் போகிறது. மாற்றிக்கொள்ளலாம்.